செவிக்கு எசமான் யார்?



கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கு மட்டும் கதவில்லை. வருவதெல்லாம் உள்ளே புகும். ஆதலின் செவி வழியே வருவதைக் குறித்து மனம் விழிப்பாயிருத்தல் வேண்டும். கண், செவி, மூக்கு, நாக்கு, உடல், மனம் என்னும் ஆறு வாயில்களையும் காத்து நிற்பவனே தன்னைக் காத்தவன் ஆவான் என்பது பகவன் புத்தர் பலகாலும் உபதேசித்த தருமமாகும்.

இன்று சயான் நிலையத்தில் எந்த மின்ரயிலில் ஏறினாலும், கால் வைக்க இடமில்லாத நெரிசலிலும், இளைஞருள் பலர் செவியில் சிறு கருவியொன்றைச் செருகிக்கொண்டு நிற்பதைக் காண்கின்றோம். அவர்கள் கேட்பது யாது? அதனைத் தாமே தேடி எடுத்தார்களா, அல்லது கைப்பேசியிலுள்ள பரிந்துரைக் கருவி தேர்ந்து கொடுத்ததா? இது பொழுதுபோக்கைப் பற்றிய சிறு கேள்விபோல் தோன்றும். ஆயினும் ஒருவனுடைய விருப்பம் உண்மையில் அவனுடையதுதானா என்னும் பழைய விசாரணை இதனுள் அடங்கியிருக்கின்றது. தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம் பிள்ளைகளின் குரல் உலகுக்குக் கேட்குமா கேளாதா என்பதும் இதனுள் அடங்கியிருக்கின்றது. ஆகவே இதனைச் சிறிது ஆராய்வோம்.

பௌத்தனுக்குப் பாட்டு ஆகுமா?

பௌத்தம் தழுவியவனுக்குப் பாட்டும் கூத்தும் எதற்கு என்று நம் பெரியவர் சிலர் கேட்பதுண்டு. உபோசத நாளில் எண்சீலம் மேற்கொள்ளும் உபாசகர் ஆடல், பாடல், வாத்தியம் முதலியவற்றை விலக்குதல் விதி. பிக்குகளுக்கு அஃது எந்நாளும் உள்ள விதி. ஆனால் இல்லறத்தாருக்குரிய பஞ்சசீலத்தில் பாட்டுக்கு விலக்கு இல்லை.

தீக நிகாயத்தைச் சேர்ந்த சக்கபஞ்ஹ சுத்தத்தில் ஒரு செய்தி வருகின்றது. பஞ்சசிகன் என்னும் கந்தருவன் வில்வ மரத்தாற் செய்த வீணையை மீட்டிப் பகவன் முன்னிலையில் பாடுகின்றான். அப்பாட்டில் தருமத்தின் புகழோடு, தான் விரும்பிய பெண்ணின் மீது அவன் கொண்ட காதலும் கலந்திருந்தது. பகவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. நரம்பொலியும் குரலொலியும் ஒன்றையொன்று மிஞ்சாமல் இசைந்திருப்பதைப் பாராட்டினார். பின்னர், இதனை எப்பொழுது இயற்றினாய் என்று வினவினார். முழுவதும் கேட்டு, அதன் தன்மையறிந்து, இயற்றியவனைக் குறித்தும் விசாரித்தல் என்னும் ஒழுங்கு இதில் நமக்குக் கிடைக்கின்றது.

மகாராஷ்டிரத்தில் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் இயக்கம் வளர்ந்த வரலாற்றை நோக்குவோருக்கு இது மேலும் விளங்கும். எழுத்தறியாத மக்களிடம் அவருடைய கொள்கையைக் கொண்டு சேர்த்தவற்றுள் ஜல்சாக்களுக்கும் பீம கீதங்களுக்கும் பெரும் பங்குண்டு. வாமன்தாதா கர்டக் (1922–2004) போன்ற கவிஞர்கள் ஊர் ஊராய்ச் சென்று பாடினார்கள். ஆகவே பாட்டு நமக்கு அயலானதன்று. எந்தப் பாட்டு, யார் கொடுத்த பாட்டு, அது மனத்தை எங்கே இட்டுச் செல்கின்றது என்பவையே நாம் கேட்கத்தக்கவை.

பழைய வாயிற்காப்போர்

முற்காலத்தில் எல்லோரும் தமக்குப் பிடித்ததைத் தாமே தேர்ந்து கேட்டனர் என்று எண்ணுதல் கூடாது. அக்காலத்திலும் வாயிற்காப்போர் இருந்தனர். மாட்டுங்காவில் சண்முகானந்தா சபை 1952ல் தோன்றி, 1963ல் பெரிய அரங்கமும் கண்டது. செம்பூரிலும் நுண்கலைச் சபை உண்டு. அம்மேடைகளில் பாடத்தக்கவர் யார் என்பதைச் சபையார் முடிவு செய்தனர். அவர்கள் வளர்த்த சங்கீதம் உயர்ந்த கலையே, அதில் ஐயமில்லை. ஆனால் அச்சபைகளிலிருந்து நடந்து செல்லத்தக்க தொலைவிலோ, பேருந்தில் சிறிது தொலைவிலோ இருந்த தாராவித் தமிழரின் கானாவும் பறையும் அந்த மேடைக்குரியவை என்று எண்ணுவார் அரியர்.

வானொலியிலும் இவ்வாறே. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தையே விலக்கி வைத்திருந்தது. 1952ல் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரான பின்னர் அதில் திரைப்பாட்டும் அருகிப்போயிற்று. மக்கள் இலங்கை வானொலியை நாடினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பின்னரே நிலைமை மாறிற்று. அமைச்சர் ஒருவரின் சுவை கோடி மக்களின் செவிக்குச் சட்டமாயிற்று என்பதே இதன் பொருள்.

1980க்குப் பின் ஒலிநாடாக்கள் மலிவாயின. பெருங்கம்பெனிகள் தீண்டாத பாட்டுக்களை ஏழைப் பாடகரும் பதிவு செய்து விற்க முடிந்தது. டிசம்பர் 6ஆம் நாள் தாதரிலுள்ள சைத்தியபூமிக்குச் சென்றவர்கள், புத்தகங்களோடு பீம கீத நாடாக்களும் அடுக்கி விற்கப்பட்டதை அறிவார்கள். கடைக்காரர் ஒரு நாடாவை எடுத்துப் போட்டுக் காட்டுவார். பக்கத்தில் நிற்பவர், இதைவிட அது நன்றாயிருக்கும் என்பார். அன்றைய பரிந்துரை அவ்வளவே. அது மனிதன் மனிதனுக்குச் சொன்ன சொல்.

கருவி தேர்ந்தெடுக்கும் விதம்

இப்பொழுது அச்சொல்லைச் சொல்லும் வேலையை யந்திரம் ஏற்றுக்கொண்டது. 1994ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உபேந்திர சர்தானந்த் என்பவரும் பாட்டி மேஸ் என்னும் அம்மையாரும் ‘ரிங்கோ’ என்றொரு கருவியை அமைத்தனர். ஒருவர் தமக்குப் பிடித்த பாடகர்களுக்கு மதிப்பெண் அளித்து மின்னஞ்சலில் அனுப்புவார். அவரைப்போலவே மதிப்பெண் அளித்த பிறர் யார் என்று கருவி கண்டு, அவர்கள் விரும்பியவற்றுள் இவர் இன்னும் கேளாதவற்றை எடுத்துச் சொல்லும். இன்று யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் செய்வது மிக விரிந்ததாயினும், அதன் அடிப்படைகளுள் ஒன்று இதுவே.

இதனோடு வேறு வழிகளும் சேர்ந்தன. பாட்டின் தாள வேகம், குரலின் தன்மை, வாத்தியங்களின் ஒலி ஆகியவற்றை யந்திரமே அளந்து, ஒத்த ஒலியுடையவற்றை ஒன்று சேர்க்கின்றது. இன்னொன்று, நாம் கேட்கும் செய்கையையே அது கணக்கெடுக்கின்றது. எதனை இறுதிவரை கேட்டோம், எதனைப் பாதியில் தள்ளினோம், எதனை மீண்டும் கேட்டோம் என்பவை யாவும் குறிக்கப்படுகின்றன. நாம் மதிப்பெண் அளிக்க வேண்டியதில்லை. விரல் செய்ததே வாக்குமூலம்.

நெசவாலையில் தொழிலாளியாயிருந்தவன் என்ற முறையில் இதற்கு ஓர் உவமை சொல்லலாம். 1804ல் பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் அமைத்த தறிப்பொறியில் துளையிட்ட அட்டைகள் கோக்கப்பட்டிருக்கும். துளையுள்ள இடத்தில் ஊசி புகும், அதற்குரிய பாவு நூல் எழும். துளையில்லாத இடத்தில் நூல் எழாது. அவ்வாறே பூவும் கொடியும் துணியில் விழும். கணிப்பொறியின் முன்னோடியான பாபேஜ் என்னும் ஆங்கிலேயரும் இவ்வட்டை முறையையே தம் பொறிக்குக் கொள்ள எண்ணினார். பூவைத் தறி நினைத்து நெய்வதில்லை. அட்டையில் உள்ளதையே நெய்கின்றது. பரிந்துரைக் கருவியிலும் அட்டை உண்டு. அதில் துளையிடுவோர் இருவர். ஒருவர் அக்கருவியை உடைய கம்பெனியார். மற்றொருவர், தாம் துளையிடுகின்றோம் என்பதை அறியாமலே நாள்தோறும் துளையிடும் நாம்.

திறந்த கதவு

இக்கருவிகளால் நன்மை இல்லையென்று சொல்வது நன்றியின்மையாகும். பாட்டைப் பதிந்து உலகின் முன் வைக்க இன்று சபையின் அனுமதி வேண்டுவதில்லை. கம்பெனியாரின் தயவும் வேண்டுவதில்லை. வலையேற்றும்போது எவரும் சாதி கேட்பதில்லை. இவ்வாறு கம்பெனியின் கீழ் அடங்காமல் தாமே இயற்றித் தாமே வெளியிடும் பாட்டைச் சுயேச்சை இசை என்கின்றனர்.

தாராவியில் இதற்குச் சான்று உண்டு. ‘டோப்படெலிக்ஸ்’, ‘செவன் பன்டாய்ஸ்’ என்னும் குழுக்களைச் சேர்ந்த இளைஞர்கள் தமிழ், இந்தி, மராத்தி முதலிய மொழிகளைக் கலந்து, ‘ராப்’ என வழங்கும் தாளப்பேச்சுப் பாட்டுக்களை இயற்றிக் காணொளிகளாய் வெளியிட்டனர். முதற்குழுவின் பெயரிலேயே போதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இருப்பதால், ஐந்தாம் சீலத்தை நினைத்து நம்மவர் சிலர் முகஞ்சுளிக்கலாம், சுளிப்பதில் தவறில்லை. ஆயினும் அவர்களுடைய குரல் கேட்டவரைச் சென்று தொட்டது. 2018ல் தாராவியைக் களமாகக் கொண்டு பா. இரஞ்சித் இயக்கிய ‘காலா’ படத்தின் பாட்டுக்களில் அக்குழுவினர் பங்கு பெற்றனர். அடுத்த ஆண்டில் வந்த ‘கல்லி பாய்’ என்னும் இந்திப் படத்தால் இத்தெருக்களின் ராப் நாடெங்கும் பேசப்பட்டது.

சென்னையில் 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு முதன்முதலாக மேடையேறிற்று. கானாவும் பறையும் ராப்பும் அதில் ஒன்றாயின. 1898ல் சாக்கைய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதிபேதமற்ற’ என்னும் சொல்வழக்கைத் தழுவியே அக்குழுவுக்கு அப்பெயர் அமைந்தது. பண்டிதரின் சொல் நூறாண்டுக்குப் பின் ஓர் இளைஞன் கையிலுள்ள கருவியின் வழியே டொராண்டோவிலும் கோலாலம்பூரிலும் உள்ள தமிழர் செவிக்குச் செல்லக்கூடும் என்றால், அக்கருவியை வெறுத்தல் ஆகாது.

வேட்கையின் கணக்கு

நன்மையைக் கூறினோம், இனித் தீமையை நோக்குவோம். நிதானங்கள் பன்னிரண்டையும் நம் மணிமேகலை தமிழிலேயே பெயரிட்டு வைத்திருக்கின்றது. அவற்றுள் ஐந்து இங்கு நமக்கு வேண்டுவன: வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. செவி என்னும் வாயிலில் ஒலி வந்து உறுகின்றது. அதனால் இனிது, இன்னாது என்னும் நுகர்வு எழுகின்றது. இனிதாயின் இன்னும் வேண்டும் என்னும் வேட்கை பிறக்கின்றது. வேட்கை முதிர்ந்து பற்றாகின்றது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே ஒரு சிறு வெளி உண்டு. இது இனிது என்று அறிவதோடு நிற்றல் அங்கே கூடும். பௌத்தன் பயிலும் விழிப்பெல்லாம் அவ்வெளியில் நிற்பதற்கான பயிற்சியே.

பரிந்துரைக் கருவி என்ன செய்கின்றது? நுகர்வை அளந்து, வேட்கை எழுமுன்னரே அதற்குரிய பொருளை நீட்டுகின்றது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாகவே தொடங்குகின்றது. நிறுத்துவதற்கு முயற்சி வேண்டும், தொடர்வதற்கு வேண்டியதில்லை. அந்தச் சிறு வெளி அடைபட்டுப் போகின்றது.

இதனினும் நுட்பமான தீமை வேறொன்றுண்டு. நேற்று நாம் கேட்டதைக் கொண்டு இன்று நாம் இன்னார் என்று அக்கருவி தீர்மானிக்கின்றது. நேற்றைய வினை இன்றைய பரிந்துரையாகின்றது. இன்றைய பரிந்துரை நாளைய வினையாகின்றது. துக்கம் மிகுந்த ஒரு வாரத்தில் ஒருவன் சோகப் பாட்டுக்களைக் கேட்டிருப்பான். துக்கம் தீர்ந்தாலும் கருவி அவனைத் துக்கத்திலேயே வைத்திருக்கப் பார்க்கும். ‘நான்’ என்று நிலையான ஒன்று இல்லை என்பது பகவனின் போதனை. மாறக்கூடியவன் என்பதாலேயே மனிதன் கடைத்தேறக்கூடியவன். அங்குலிமாலன் திருந்தியதும் அதனால்தான். நேற்றைய கணக்கைக் கொண்டு மட்டும் அவனுக்குப் பரிந்துரை செய்திருந்தால், அவனுக்கு எடுத்து நீட்டத்தக்கது இன்னொரு வாளே அல்லவா?

கருவியமைப்போர் இதனை அறியாதவர் அல்லர். பழகியதோடு புதியது சிலவற்றையும் கலந்து காட்டுகின்றனர். ஆனால் எவ்வளவு கலப்பது என்பதற்குப் பெரும்பாலும் அளவுகோலாய் இருப்பது, நாம் விலகாமல் எவ்வளவு நேரம் இருக்கின்றோம் என்பதே. நம் மனம் தெளிந்ததா கலங்கியதா என்பதை அளக்கும் கோல் அவர்களிடம் இல்லை. அது நம்மிடமே உண்டு.

வெறுப்பின்றி விளையும் ஏற்றத்தாழ்வு

சிறந்த பாட்டு எப்படியும் மேலே வரும். கருவியை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று சிலர் வாதிப்பர். இதற்கு ஒரு சோதனை விடை தருகின்றது. 2006ல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர் அதன் முடிவை ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். 14,000க்கு மேற்பட்டோரிடம், பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுக்களை வைத்தார்கள். ஒரு பகுதியினர் பிறர் என்ன செய்தனர் என்பதை அறியாமல் கேட்டனர். ஏனையோர் எட்டுக் கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டனர்; தம் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்துக்கொண்டனர் என்னும் எண்ணிக்கை அவர்களுக்குக் காட்டப்பட்டது. விளைவு யாது? எண்ணிக்கை காட்டப்பட்ட இடங்களில் மேலேறிய பாட்டுக்கும் கீழே கிடந்த பாட்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதாயிற்று. எது மேலேறும் என்பதும் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபட்டது. மிகச் சிறந்தது அடியில் விழுவதும் மிக மோசமானது உச்சிக்குப் போவதும் அரிதாயிருந்தன. இடையிலிருந்த பெரும்பாலானவற்றின் கதி, தொடக்கத்தில் வந்த சிலரின் கையில் இருந்தது.

இதில் எவரும் எவரையும் வெறுக்கவில்லை. பலர் கேட்டது இன்னும் பலருக்குக் காட்டப்படும் என்னும் ஒரே விதி போதுமானதாயிற்று. பாபாசாகேப் அவர்கள் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று நமக்கு விளக்கினார்கள். சாதியையும் இதனையும் ஒன்றென்று சொல்லுதல் பொருந்தாது. சாதிக்குச் சாத்திரமும் வெறுப்பும் தண்டனையும் துணை நின்றன. கீழே கிடக்கும் பாட்டு அடுத்த ஆண்டு மேலேறலாம். சாதியில் அதற்கு இடமே இல்லை. ஆயினும் ஓர் ஒழுங்குமுறை அநீதியை விளைப்பதற்கு அதனுள் தீயவன் ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை என்னும் பாடத்தை நாம் இங்கே கற்கலாம்.

பணம் புகுமிடத்தில் இது மேலும் கூர்மையாகின்றது. அமெரிக்காவில் வானொலியாளர் இரகசியமாகக் காசு வாங்கிக்கொண்டு பாட்டை ஒலிபரப்பிய ஊழல் 1959ல் வெளிப்பட்டு, 1960ல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2020ல் ஒரு திட்டம் அறிவித்தது. பாட்டுக்குரியவர் தமக்கு வரவேண்டிய தொகையில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால், பரிந்துரையில் அப்பாட்டுக்குச் சிறிது முன்னுரிமை கிடைக்கும். இது இரகசியமாகச் செய்வதன்று, வெளிப்படையாக அறிவித்ததே. எனினும் குறைத்துக்கொள்வதற்கும் ஏதேனும் இருப்பவனுக்கே இது உதவும். மேலும் 2024 முதல், முந்திய பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுரிமைத் தொகை இல்லையென்று அந்நிறுவனம் விதித்தது. தொகை சிறிதே. ஆயினும் தாராவிப் பிள்ளை ஒருவன் தன் முதற்பாட்டுக்குக் கிடைத்த பத்து ரூபாயைத் தன் தாய் கையில் கொடுப்பதற்கும், ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

எண்ணிக்கையில் வென்றவனுக்கும் நீதி உறுதியில்லை. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டு கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. அதை எழுதிப் பாடியவருள் ஒருவரான அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் மூதாட்டியின் நினைவை அதில் வைத்தவர். அவ்வாண்டு ஆகஸ்டில் அப்பாட்டின் புகழோடு தொடர்புபடுத்தி வந்த ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அவர் படம் இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார், பலரும் கேட்டனர், பின்னர் அறிவைக் கொண்ட இணைய அட்டை ஒன்று வந்தது. கருவி பாட்டைக் கோடிப் பேரிடம் சேர்த்தது. பாடியவன் எங்கே என்று கேட்பதற்கு மனிதர் வேண்டியிருந்தது.

ஓரறையில் நான்கு உலகம்

தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்தாறு பேர் வாழ்கின்றனர். முன்பு அங்கே ஒரு வானொலிப் பெட்டி இருந்தால் எல்லோரும் ஒன்றையே கேட்டனர். பிடித்தவனும் பிடிக்காதவனும் ஒன்றாகவே கேட்டனர். அதில் வற்புறுத்தலும் இருந்தது, ஒற்றுமையும் இருந்தது. இப்பொழுது ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி. தகப்பனுக்கு 1960களின் திரைப்பாட்டு, தாய்க்கு வேறொன்று, மகனுக்கு ராப், மகளுக்குக் கொரியப் பாட்டு. அவரவர்க்கு அவரவர் வினைக்கேற்ப யந்திரம் ஊட்டுகின்றது. சுவர் இல்லாத வீட்டில் ஒலிச்சுவர் எழும்பிவிட்டது.

இதனால் நமக்கு வரும் இழப்பைப் பறையைக் கொண்டு காட்டலாம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் சாவுக்குப் பறையடிக்க மறுத்தது நம் முன்னோரின் சுயமரியாதையின் தொடக்கமாயிருந்தது. அதற்காக அடிபட்டவரும் ஊரை விட்டு வந்தவரும் உண்டு. அவர்களுக்குப் பறையொலி கேட்டால் பழைய அவமானம் நினைவுக்கு வரும். அவர்கள் பேரப்பிள்ளைகளோ அதே பறையை விடுதலையின் வாத்தியமாக எண்ணி மேடையில் முழக்குகின்றனர். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. தாத்தாவின் கருவி அவருக்குப் பறையைக் காட்டுவதில்லை, அவர் அதைக் கேட்டதில்லை யாதலால். பேரனின் கருவி அவனுக்குத் தாத்தா பட்ட பாட்டைச் சொல்வதில்லை. இருவரும் ஒன்றாய் அமர்ந்து அதனைக் கேட்டு, அதன்பின் வாதிட்டாலன்றி இவ்வழக்குத் தீராது. ஒருவருக்குப் பிடித்ததை மட்டும் அவரவர்க்குக் கொடுக்கும் முறையால் ஒரு சமூகம் தன்னோடு தானே பேச இயலாமற் போகும்.

நல்ல நண்பன் செய்வது

கேசபுத்தம் என்னும் ஊரில் காலாமர் பகவனை அணுகி, பல ஆசிரியர் பலவாறு சொல்கின்றனர், யாரை நம்புவது என்று கேட்டனர். பலர் சொல்வதாலோ, வழிவழி வந்ததாலோ, நூலில் இருப்பதாலோ, சொல்பவர் நம் குரு என்பதாலோ மட்டும் ஏற்க வேண்டா; அது பேராசையையும் பகையையும் மயக்கத்தையும் வளர்க்கின்றதா தேய்க்கின்றதா என்று நீங்களே அறிந்து கொள்ளுங்கள் என்னும் கருத்தை அவர் அருளினார். அந்த வரிசையில் இன்று மேலும் இரண்டைச் சேர்க்கலாம்: பல இலட்சம் பேர் கேட்டனர் என்பதாலும் வேண்டா, கருவி முதலில் காட்டிற்று என்பதாலும் வேண்டா.

மணிமேகலையும் நமக்கு வழிகாட்டி. வஞ்சி நகரில் அவள் பல சமயக் கணக்கர்களிடம் சென்று, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டாள். தனக்கு இனியதை மட்டும் கேட்டிருந்தால் அவளுக்குத் தெளிவு ஏது? எல்லாம் கேட்ட பின்னரே காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் பெற்றாள். தேடுதல் என்பதற்கு அவள் நடந்து சென்றது இலக்கணம். பரிந்துரை நம் பழைய செய்கையிலிருந்து தொடங்குகின்றது. தேடலோ நாம் இன்று கேட்கும் கேள்வியிலிருந்து தொடங்குகின்றது. ஆகவே கருவியின் இரண்டு உறுப்புக்களில் தேடும் உறுப்பை மிகுதியாகவும், தானே ஊட்டும் உறுப்பைக் குறைவாகவும் பயன்படுத்துதல் நன்று.

கல்யாண மித்திரன் என்னும் நல்ல நண்பனைப் பகவன் மிக உயர்வாகப் பேசியுள்ளார். கருவிக்கும் நண்பனுக்கும் வேற்றுமை யாது? உனக்கு இது பிடிக்கும் என்று கருவி சொல்லும். உனக்கு இது பிடிக்காது, ஆயினும் நீ இதைக் கேட்க வேண்டும் என்று நண்பன் சொல்வான். ஏன் என்றால் காரணமும் சொல்வான். நாம் மாறினால் அவனுக்கு மகிழ்ச்சி. கருவிக்கோ கணக்குத் தவறு.

ஆகவே நாம் செய்யத்தக்கன சில உண்டு. அடுத்த பாட்டு தானே தொடங்கும் அமைப்பைக் கைப்பேசியில் நிறுத்தி விடுங்கள். ஒரு பாட்டு முடிந்ததும் சிறிது நேரம் மௌனம் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு முறையேனும், கருவி காட்டாத ஒரு பாடகரைப் பெயர் எழுதித் தேடிக் கேளுங்கள். பிடித்தால் இயற்றியவர் யார் என்று பார்த்து, அவர் விலைக்குக் கொடுப்பது ஏதேனும் இருந்தால் வாங்குங்கள். பாடும் பிள்ளைகள் தம் பெயரையும் ஊரையும் பாட்டின் சொற்களையும் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் பிழையின்றி எழுதி வெளியிட வேண்டும். எழுதாத பெயரை எந்தத் தேடலும் கண்டுபிடிக்காது. உபோசத நாளில் கருவியை முழுவதும் அணைத்து வைத்து, பாட்டில்லாத மனம் எவ்வாறு இருக்கின்றது என்று கவனியுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஞாயிறு தோறும் வந்தனை முடிந்தபின் நம் விகாரையில் தேநீருக்குக் கால் மணி நேரம் ஒதுக்குகின்றோம். அந்நேரத்தில் இளைஞர் ஒருவர், அல்லது முதியவர் ஒருவர், தாம் கேட்ட ஒரு பாட்டைக் கொண்டுவந்து எல்லோரும் கேட்கப் போடட்டும். ஏன் கொண்டுவந்தேன் என்று இரண்டு வார்த்தை சொல்லட்டும். பிடிக்காதவர் எழுந்து போகாமல் இறுதிவரை கேட்கட்டும். பிடிக்காமைக்கும் காரணம் சொல்லட்டும். தாராவியின் ராப்பும், வாமன்தாதாவின் பாட்டும், மாட்டுங்காவின் கீர்த்தனையும், பறையும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாய் ஒலிக்கட்டும். முதல் ஞாயிறன்று பறைப்பாட்டு ஒன்றைக் கொண்டுவர ஓர் இளைஞர் இசைந்திருக்கின்றார். அதனைக் கேட்டு மறுமொழி சொல்ல நம் பெரியவர்கள் தவறாமல் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன்.